நான்காம் எண் லிஃப்ட்

இயந்திர அறைச் சுவரில்
பென்சில் தேதிகள் இன்னும் அழியவில்லை.
எண்ணெய் விட்டது, வடம் பார்த்தது, பிரேக் மாற்றியது.
ஒவ்வொன்றின் கீழும் ஓ.கி.
ஓர்லாண்டோ கின்யோனெஸ்.
பிராங்ஸிலிருந்து விடியுமுன் ரயிலேறி வருபவன்.
முட்டையும் வாழைக்காயும் அலுமினியத் தாளில் சுற்றி
மோட்டார் சூட்டில் வைத்து
மதியம்வரை ஆறாமல் காப்பவன்.
கடைசித் தேதி மார்ச் பதினொன்று.
அதன் கீழே எழுத எனக்குக் கை வரவில்லை.
பக்கத்துச் சுவரில் தொடங்கினேன்.

அந்த ஏப்ரலில்
லெக்சிங்டன் அவென்யூவில் ஈ காக்கை இல்லை.
யாருமில்லாத சாலைக்கு
சிவப்பும் பச்சையும் முறை தவறாமல் காட்டிக்கொண்டிருந்தன விளக்குகள்.
நடுநடுவே ஆம்புலன்ஸ்.
எங்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள்.
ஓடாத லிஃப்ட் கெட்டுப்போகும்:
நின்ற இடத்து வளைவையே வடம் பழகிக்கொள்ளும்,
பேரிங்கில் கிரீஸ் இறுகிவிடும்.
ஆகவே தினமும் காலையில்
ஆறு லிஃப்டையும் தரையிலிருந்து முப்பத்தெட்டுவரை
காலியாக ஏற்றினேன்
காலியாக இறக்கினேன்.
மாடிக்கு மாடி கதவு திறந்தது,
யாருக்கோ காத்திருந்து மூடியது.
பத்தொன்பதில் அணைக்க மறந்த ஒரு மேசைவிளக்கு.
இருபத்தாறில் யாருடைய பிறந்தநாளுக்கோ கட்டிய பலூன்
வாரம் ஒரு சாணாகக் கீழே வந்துகொண்டிருந்தது.
அது தரையைத் தொட்ட அன்று
ஓர்லாண்டோவின் மனைவி மரிட்ஸா போன் செய்தாள்.
பேசினாளா அழுதாளா என்று
இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு மீட்டர் உண்டு.
செய்தித்தாள் மாதிரி அதற்கு அபிப்பிராயம் கிடையாது.
நான்காம் எண் லிஃப்ட்:
பிப்ரவரியில் நாளுக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு பயணம்.
ஏப்ரலில் இரண்டு.
அந்த இரண்டும் நான்தான்.

நகரம் செத்துவிட்டது என்று எழுதினார்கள்.
அப்புறம், எழுந்துவிட்டது என்று எழுதினார்கள்
(அதே ஆட்கள்தான் என்று நினைக்கிறேன்).
நான் மீட்டரைப் பார்க்கிறேன்.
செவ்வாய் ஐந்நூற்று நாற்பது,
புதன் கொஞ்சம் கூட,
வெள்ளி தொண்ணூற்றேழு.
வெள்ளிக்கிழமைக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை.
கீழே சூப் விற்ற கடை
இரண்டு முறை திறந்து இரண்டு முறை மூடி
இப்போது செல்போன் உறை விற்கிறது.
மீண்டும் என்றால் அதே ஆட்கள் வேண்டும்.
மீண்டு என்றால்
அதற்கு எந்த மீட்டரும் இல்லை.

போன வருடம் மேல்மாடிகளைத் தடுத்து வீடுகளாக்கினார்கள்.
கணக்குப்பிரிவு இருந்த இடத்தில் குளியல்தொட்டி.
இந்த ஜனவரியில்
இரவு இரண்டிலிருந்து நான்குக்குள்
நான்காம் எண்ணில் மட்டும் நாற்பது பயணம்.
தரைக்கும் முப்பத்தொன்றுக்கும், தரைக்கும் முப்பத்தொன்றுக்கும்.
ரிலேயில் கோளாறு என்று நினைத்தேன்.
மாற்றினேன்.
மறுநாளும் நாற்பது.
டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக ஒரு ராத்திரி லாபியில் உட்கார்ந்தேன்.
இரண்டு பத்துக்குக் கதவு திறந்தது.
கசங்கிய பைஜாமா, காலில் செருப்பில்லை,
தோளில் துணிச்சுருள் போல ஒரு குழந்தை.
என்னைக் கண்டதும் திருடன் போல விழித்தான்.
தாஷ்கண்டிலிருந்து வந்தவனாம், தில்ஷோத்.
மருந்துக்கடையில் வேலை,
மனைவிக்கு ஆறு மணி ஷிப்ட்.
இவள் லிஃப்டில்தான் தூங்குகிறாள், என்றான்.
நின்றால் விழித்துக்கொள்கிறாள்.
பிறகு என் சட்டைப்பையில் தைத்திருந்த பெயரைப் படித்து,
மன்னிக்கணும் லுவான்,
இப்படி ஓட்டினால் கெட்டுப்போகுமா?

ஓட்டாவிட்டால்தான் கெட்டுப்போகும், என்றேன்.

மூன்று பேரும் ஏறினோம்.
பத்தொன்பதைக் கடக்கையில் வழக்கம்போல் ஒரு சின்னக் குலுக்கல்.
தண்டவாள இணைப்பு அங்கே நூலளவு விலகியிருக்கிறது,
அடுத்த வாரம் சரிசெய்வதாக
நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
குழந்தை ஒரு பெருமூச்சு விட்டு
இன்னும் ஆழமாகத் தூங்கிப்போனாள்.
அதை அப்படியே விட்டுவிட்டேன்.

காலையில் மீட்டரைக் குறித்துக்கொண்டேன்: நாற்பத்து மூன்று.
பக்கத்துச் சுவரும் நிரம்பிவிட்டது.
ஓர்லாண்டோவின் அலமாரிக்குச் சாவி யாரிடமும் இல்லை.
பூட்டை வெட்டச் சொல்லி ஆபீசிலிருந்து மறுபடி கடிதம்.
கத்தரியை எடுத்து வந்தேன்.
எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.