மீதி

ஈஃப்யோர்ட் மலைச்சாலை மூடிக் கிடக்கிறது.
தடுப்புக்கட்டைக்கு முன்னால் என் லாரி,
பதினெட்டு டன் கோட் மீன், அதன்மேல் ஐஸ்.
பக்கத்தில் ராக்ன்ஃப்ரிடின் பனிவாரி வண்டி,
கூரையில் சுற்றிச் சுற்றி ஒரு மஞ்சள் விளக்கு.
ஃபின்மார்க்கில் இந்த நேரத்துக்கு
வேறு வெளிச்சம் கிடையாது.

கட்டையிலிருந்து நான் வந்த வளைவு வரை
பனிக்கம்புகள் பத்தொன்பது.
ஒரு கம்பு ஒரு ஒன்று.
வரிசையாகப் படித்தால்
1111111111111111111.
பதினோரு குளிர்காலமாக
இதை உடைக்கப் பார்க்கிறாள் அவள்.
கட்டம் போட்ட நோட்டு, பென்சில்,
புயலுக்கு ஒரு வகுத்தி.

எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டாம் என்றாள்
முதல் வருஷம், ஃபிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி.
முப்பத்தெட்டு முப்பத்தெட்டாக ஏறு.
ஒன்றைக் கூட்டு.
அதிலும் பகா எண்ணை மட்டும் நிறுத்து.
மற்ற எவருக்கும் இதற்குள் வாசல் இல்லை.
191 வந்தான். மீதி 84.
229 வந்தான். மீதி 180.
நூற்றைந்து கோடியைத் தாண்டியதும் நின்றுவிடலாம்,
அதற்கு மேலே ஒருவன் இருந்தால்
அவன் ஜோடி கீழேயே அகப்பட்டிருப்பான்.

லக்செல்வ் வரை ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன்.
வகுத்திகள் ஏறத்தாழ முப்பது லட்சம்.
அப்படியென்றால்
முப்பது லட்சம் புயல்.

போன பிப்ரவரியில் அந்தத் தப்பைச் செய்தேன்.
ஃபோனில் தட்டினேன், பத்தொன்பது தடவை ஒரே விசை.
விரலை எடுப்பதற்குள் பதில்.
"பகா எண்ணாம். உடையவே உடையாது."
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.
"நான் கேட்கவில்லையே, வைடோட்டாஸ்."
பிறகு ஆறு புயல் காபி இல்லை.

இன்றைக்கு வளைவில் கண்ணே தெரியவில்லை.
முறிகிற சத்தம் கேட்டது, இரண்டு முறை.
மிச்சம் பதினேழு.
பதினேழு ஒன்றுகள் உடையும், எனக்குத் தெரியும்,
அன்றே அதையும் தட்டிப் பார்த்திருந்தேன்:
2071723 உள்ளே போனால்
5363222357 வெளியே வரும்,
துளி மிச்சமில்லாமல்.
சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

துளைக்கருவியும் இரண்டு புதுக் கம்புமாக
காற்றில் சாய்ந்து நடந்து போனாள்.
அரைமணி நேரம் விளக்கு மட்டும் தெரிந்தது.
திரும்பி வந்து என் கதவைத் தட்டினாள்.
"எண்ணு."
எண்ணினேன்.
பத்தொன்பது.

ஜன்னல் வழியே நோட்டு உள்ளே வந்தது,
ஓரமெல்லாம் ஈரம்.
10337.
"எனக்கு மீதி 9549. நீ ஒரு தடவை போடு."
"அதுதான் உடையாதே?"
"உடையாது. எவ்வளவு மிஞ்சும் என்று உன் ஃபோன் சொன்னதா?"
"கேட்கவில்லை."
"அதுதான்," என்று மூக்கைத் துடைத்தாள்.

கையுறையைக் கழற்றி
ஸ்டியரிங்மேல் நோட்டை விரித்தேன்.
பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நீள்வகுத்தல் இன்றுதான்.
ஒன்றை இறக்கு, கழி, ஒன்றை இறக்கு.
எங்கே திரும்பினாலும் இறக்குவதற்கு அதே ஒன்று,
வெளியே அதே கம்பு.
9548 வந்தது.
அழித்தேன். காகிதம் சற்றுக் கிழிந்தது.
ஆறாவது ஒன்றை இறக்கும்போது
கட்டை தூக்கினார்கள்,
பின்னால் யாரோ ஹாரன் அடித்தான்,
மஞ்சள் விளக்கு நகரத் தொடங்கியது.
பல்லில் பென்சிலைக் கடித்துக்கொண்டு
கியரைப் போட்டேன்.