பதினான்காம் எண் குமிழ்

லாஸ் வேகாஸில், சூதாட்ட அரங்கின் பக்கவாசல் வழியாகக்
கூப்பனைக் காட்டிக் கூட்டிவருவோம் ஆட்களை.
நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் இரவு பஃபே இலவசம்.
தோற்றவர்கள்தாம் அதிகம் வருவார்கள்.
ஜெயித்தவனுக்குக் கார்ட்டூன் எதற்கு?

ஆளுக்கொரு குமிழ்.
பிடித்தால் வலப்பக்கம் திருப்பு, பிடிக்காவிட்டால் இடம்.
முப்பத்திரண்டு மணிக்கட்டுகளைக் கூட்டி வகுத்து
ஒற்றைப் பச்சைக் கோடாக ஓடவிடும்
கம்பிகளுக்கு மட்டும் நான் பொறுப்பு.

அன்றைக்கு ப்ளம்லி குடும்பம், பதினோராம் வருடத்து ஆறாம் எபிசோடு.
பதினோரு வருடமாக டோபினுக்கு ஒன்பது வயது.
அக்காவுக்குப் பதின்மூன்று, பல்லில் கம்பி.
அப்பா மெர்ல் மாடிப்படியில் உருளுவார்.
அடுத்த வாரம் அதே படி, அதே எலும்பு.

முதல் எட்டு நிமிடம் கோடு குஷியாக இருந்தது.
புல்வெட்டும் இயந்திரம் பக்கத்து வீட்டு நீச்சல்குளத்தில் பாய்ந்தபோது
எழுபத்தொன்பது.
வான்கோழி ஏப்பம் விட்டதற்கு எண்பத்துநான்கு.
பின்னறையில் காரெட் லிண்ட்குவிஸ்ட்
தொடையில் தாளம் போட்டார்.

ஒன்பதாம் நிமிடம் மெர்ல் ஒரு பென்சிலை எடுத்தார்.
பிறந்தநாள். சமையலறைக் கதவு நிலை.
டோபின் குதிகாலை ஒட்டி நின்றான்.
தலைமேல் புத்தகத்தைக் கிடத்தி ஒரு கோடு.
நகர்ந்து பார்த்தால்
அது போன வருடத்துக் கோட்டின் மேலேயே விழுந்திருந்தது.
அதற்கு முந்தைய வருடத்தின் மேலும்.
பதினோரு முறை இழுத்த ஒரே கோடு;
மரத்தில் பள்ளமே விழுந்துவிட்டது.

பின்னணி இசை இல்லை.
மெர்ல் பள்ளத்தை விரலால் தடவினார்.
“ஷூ போட்டுக்கொண்டு நிற்கட்டுமா?” என்றான் பையன்.
“கழற்றிவிட்டுத்தான் நிற்கணும். அதுதான் கணக்கு.”
ஒரு நிமிடம் ஐம்பது நொடி. அவ்வளவுதான் காட்சி.

சாண் ஏறியிருந்த கோடு முழம் சறுக்கியது.
அறுபது, நாற்பத்தைந்து, முப்பத்தொன்று.
யாரோ காகிதக் கோப்பையில் ஐஸைக் குலுக்கினார்கள்.
ஒரே ஒரு குமிழ், பதினான்கு,
நூறில் போய் முட்டிக்கொண்டு நின்றது.
காட்சி முடிந்தும் இறங்கவில்லை.
விளம்பரத்துக்கு விட்ட கறுப்புத் திரைக்கும் நூறு.
குப்பைத்தொட்டிக்குள்ளிருந்து ரக்கூன் எட்டிப் பார்த்ததற்கும் நூறு.

விதி இருக்கிறது:
மூன்று நிமிடம் அசையாத குமிழ்
ஒன்று பழுது, அல்லது தூக்கம். கணக்கிலிருந்து எடு.
எடுத்தேன்.
முப்பத்தொன்று இருபத்தொன்பதானது.
லிண்ட்குவிஸ்ட் எழுதிக்கொண்டார்:
கதவு நிலை, வேண்டாம். ரக்கூன், இன்னும் நீட்டு.

விளக்குப் போட்டதும் எட்டிப் பார்த்தேன்.
அவள் தூங்கவில்லை.
படிவத்தில் இருந்தது: டார்லீன் ஹ்ரஸ்கா, கியர்னி, நெப்ராஸ்கா,
குளிர்பதனப் பெட்டிகள் பழுதுபார்ப்பவள், ஐம்பத்தேழு வயது.
எபிசோடுக்கு மதிப்பெண்: பத்துக்கு நான்கு.
காரணம்: சிரிப்புக் குறைவு.

நான் படிவத்தையும் பார்த்தேன், அவளையும் பார்த்தேன்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
கூப்பன் நாளைக்குச் செல்லுமா?
இன்றைக்குப் பசி இல்லையாம்.
செல்லாது என்று தெரிந்தும் செல்லும் என்றேன்.

பூட்டுவதற்கு முன் பதினான்கைக் கழற்றிச் சோதித்தேன்.
இடம் போனது, வலம் போனது, வெண்ணெய் மாதிரி.
ஐம்பதில் நிறுத்தி மறுபடி மாட்டினேன்;
ஏழு மணிக்கு ஒரு சமையல் போட்டி வருகிறது.

ஜனவரியில் ஒளிபரப்பானது எபிசோடு.
ரக்கூனுக்கு நான்கு முழு நிமிடம்.
அந்த வருடத்திலேயே ஜனங்களுக்குப் பிடித்தது அதுதான் என்றார்கள்.
நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்,
மெர்லின் தலையில் அது ரொட்டிச் சட்டியைக் கவிழ்த்தபோது.

ஆனால் அதன் வாலுக்குப் பின்னால்
பின்புலம் வரைந்த யாரோ அழிக்க மறந்திருந்தார்கள்.
கதவு நிலையில், ஒன்பது வயது உயரத்தில்,
விரற்கடை நீளத்துக்கு
ஒரு கறுப்புப் பள்ளம்.