பதினைந்து வாட்

அலமாரிக்குள் எப்போதும் ஒரு பல்பு எரியும்.
பதினைந்து வாட்.
கோட்டும் தோல்செருப்பும் பூசணம் பூக்காமலிருக்க
கோத்தகிரியில் பல வீட்டில் செய்வதுதான்.
என் வீட்டில் அது டிராகன்களுக்கு.

ஒன்பது டிராகன். நான்கு சூனியக்காரி.
தொப்பி மட்டும் தனியே கழன்றுவரும் ஒரு மந்திரவாதி.
தவளை முகத்தோடு ஒரு ராஜா.
ஒற்றைக்கொம்புக் குதிரைகள், அப்புறம் குள்ளர்கள், குள்ளர்கள்.
மொத்தம் எண்பத்து மூன்று.
இரண்டாம் தடவை எண்ணினால் எண்பத்து இரண்டு.
பகலெல்லாம் லேப்பில்
ஊரார் இரத்தத்தின் வெள்ளையணுக்களைத்
தப்பில்லாமல் எண்ணுகிறவள் நான்.

"கொலு இன்னும் எடுக்கலியா எஸ்தர்?"
எதிர்வீட்டு கோமளா டீச்சர்
தையிலும் கேட்பார், சித்திரையிலும் கேட்பார்.
அவர் வீட்டில் படிகள் ஒற்றைப்படை,
மேலே கலசம், கீழே மளிகை பரப்பிய செட்டியார்.
எனக்கு நாலே தட்டு.
வெயில் விழும் பக்கம் ரெசின் ஆகாது, மஞ்சளடிக்கும்.
கண்ணாடியோரம் நீர் கோக்கும், அங்கே வாள்காரன் ஆகாது,
வாள் நிஜ இரும்பு.
சூனியக்காரிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம்.
குள்ளர்களை வைத்தால்
ஒருவன் தாடியில் இன்னொருவன் கோடரி சிக்கும்.

ஞாயிறு கோயில் முடிந்து வந்து
மூன்றாம் நம்பர் பிரஷ்ஷோடு உட்காருவேன்.
சிறகு நரம்புகளின் இடுக்கில்
தோசைமாவு தெறித்ததுபோல் வெள்ளை வெள்ளையாய்.
ஊதக்கூடாது. வாயிலும் ஈரம்.
ஒருமுறை அவசரத்தில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்,
தேவதையின் இடதுகண் பஞ்சோடு வந்துவிட்டது.
அன்றிலிருந்து அவளைப்
பக்கவாட்டில்தான் நிறுத்துகிறேன்.
கேட்பவர்களிடம்
அவள் ஜன்னலைப் பார்க்கிறாள் என்கிறேன்.

போன ஐப்பசியில்
மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் சாய்ந்து
கரண்ட் போயிற்று.
லைன்மேன் போஜன் போனில் "நாளைக்கு வந்துரும்க்கா" என்றார்.
மறுநாளும் அதையே சொன்னார்.
அதற்கு மறுநாள் போனே போகவில்லை.
மேகம் கதவிடுக்கில் நுழைந்து
சோபாவில் உட்கார்ந்துகொண்டது.
நெருப்பு கக்குகிற ஒன்பது பேர்
ஒரு பல்பை நம்பி
இருட்டில் நின்றிருந்தார்கள்.

நனைந்த போனை அரிசியில் போடச் சொல்வார்களே,
அது ஞாபகம் வந்தது.
பத்து கிலோ பொன்னி, எவர்சில்வர் டப்பா.
பதினோரு பேருக்கு மேல் கொள்ளாது.
மெழுகுவத்தியோடு அலமாரி முன் நின்றேன்.
பெங்களூரில் அரைமாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய
வெள்ளி டிராகன்தான் முதலில் என்று
மனசில் போட்டுவைத்திருந்தேன்.
கை ஒற்றைக்கண் தேவதையை எடுத்தது.
அப்புறம் பசை வழிந்து காய்ந்த வாலுள்ளவனை,
பஸ்ஸ்டாண்டு கடையில் முப்பது ரூபாய்க்கு வந்த
தவளை ராஜாவை,
கொம்பு ஆடுகிற குதிரையை.
பதினொன்று ஆனதும் டப்பா நிறைந்துவிட்டது.
வெள்ளி டிராகன் அங்கேயே நின்றது.
கழுத்துவரை அரிசியில் இருந்த ராஜா
மூடியை மூடும்வரை
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் ராத்திரி இரண்டே காலுக்கு
ஃபிரிட்ஜ் உலுக்கிக்கொண்டு எழுந்தது.
அலமாரிக் கதவோரம்
மஞ்சளாய் ஒரு கோடு.
போய்த் திறந்தேன்.
வெள்ளி டிராகனின் முதுகெல்லாம் பூசணம்,
ஜனவரியில் உறைபனி விழுந்த
புல்மேடு மாதிரி.
நன்றாகத்தான் இருந்தது.
ஒரு வாரம் துடைக்காமல் விட்டேன்.
டீச்சர் பார்த்துவிட்டு,
"இது புதுசா?" என்றார்.

பத்துப் பேரை அரிசியிலிருந்து எடுத்தேன்.
பதினோராவது கைக்கு அகப்படவில்லை.
புதன்கிழமை உலைக்கு அரிசி அளக்கையில்
ஆழாக்கில் ஒரு கொம்பு வந்தது,
கிராம்பைவிடக் கொஞ்சம் நீளம்.
குதிரை அடியில் எங்கோ நிற்கிறது.
டப்பாவைக் கவிழ்த்தால் ஆயிற்று,
கவிழ்க்கவில்லை.
அரிசியைக் களைந்து போட்டேன்.
கொம்பு உப்பு ஜாடி மூடிமேல் இருக்கிறது.
எண்பத்து இரண்டா மூன்றா என்பது
மாசக் கடைசியில்
அரிசி தீரும்போது தெரியும்.