குருந்தடி புறொப்பட்டீஸ்

கொக்குவில் வீட்டு உறுதியில்
என் பெயர் இல்லை.
குருந்தடி புறொப்பட்டீஸ் பிரைவேட் லிமிடெட் என்றிருக்கிறது.
பதிவு விலாசம் வெள்ளவத்தை.
பல் வைத்தியசாலைக்கு மேல்மாடி,
மச்சாள் முறையான கணக்காளரின் அறை.
அங்கே ஒரு ஃபைலுக்குள்
நிமிர்ந்து நிற்கிறது என் கம்பனி.

முதலில் இணுவில் காணியை விற்கத்தான் போனேன்,
சீதனமாய் வந்த நாலு பரப்பு.
சட்டத்தரணி யசிந்தா கண்ணாடியைக் கழற்றி
"அவரின்ரை சம்மதக் கையெழுத்து?" என்றாள்.
அவர் பாரிசில். லாச்சப்பலில் கண்டதாய்ச் சொல்வார்கள்.
ஒன்பது வருடமாய் ஒரு சொல் இல்லை.
"கோட்டிலை கேக்கலாம். இழுபடும்."
தேசவழமை என்றாள்,
மழை வரும் என்று சொல்வதுபோல.

காணியை அப்படியே விட்டேன்.
கையில் இருந்தது
கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தாறு வருடம்
கணக்கெழுதிச் சேர்த்த சேமலாப நிதி,
இரண்டு காப்பு, ஒரு அட்டியல்.
"உங்கட பேரிலை வாங்கினா, பிறகு விக்கேக்கையும்
அவரைத் தேடோணும்.
கம்பனி ஒண்டைப் பிறப்பிப்பம்.
அதுக்குத் தாலி இல்லை, சாதகம் இல்லை,
ஊர்கூட இல்லை."
"அவர் பங்கு கேட்டு வந்தா?"
"வரட்டும். முதல் மாடிப்படி ஏறட்டும்."
ரப்பர் முத்திரைக்கு அறுநூற்றைம்பது ரூபாய்.

முன் அறைகளில் கம்பஸ் பிள்ளைகள் நாலு பேர்.
மோட்டர் நின்றால்
"அன்ரி, ஓனரிட்டைச் சொல்லுங்கோ" என்பார்கள்.
"கொழும்புக்கு அறிவிக்கிறன்" என்பேன்.
மோட்டர்க்காரனைக் கூப்பிடுவதும் காசு கொடுப்பதும் நான்தான்,
ஆனால் இரண்டு மணித்தியாலம் பொறுத்து.
கொழும்பு யோசிக்கும் நேரம் அது.

பின் அறையில் நான்.
கம்பனிக்கு மாதம் எட்டாயிரம் வாடகை.
பற்றுச்சீட்டை எழுதி,
பணிப்பாளர் என்ற சொல்லுக்கு மேல் கையெழுத்திட்டு,
முத்திரை குத்தி,
நானே வாங்கி மடித்து வைப்பேன்.
பங்குனியில் ஐந்து நாள் பிந்திவிட்டது.
மச்சாள் நினைவூட்டல் அனுப்பினாள்.
உண்மையாகவே வெட்கமாயிருந்தது.

வைகாசியில் அவர் எடுத்தார்.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
"என்னைக் கேக்காமல் வீடு வாங்கினியாம்?"
"நான் வாங்கேல்லை."
"அப்ப ஆர்?"
முழுப் பெயரையும் சொன்னேன்.
லிமிடெட் என்பதற்கு முன்பே குறுக்கிட்டார்:
"குருந்தடி எண்டவன் ஆர்? எந்த ஊரான்?"
"வெள்ளவத்தை" என்றேன்.
பொய்யில்லை.
வட்சப்பில் அவர் மூச்சுக் கேட்டது,
பிறகு ஒரு ரயில்,
பிறகு அதுவும் இல்லை.

கம்பனிக்குச் சாவில்லையாம்.
ஆட்கள் மாறினாலும் அது இருக்குமாம்.
எனக்கு ஐம்பத்துநாலு.
நேற்றிரவு தகரத்தில் தடாலென்று விழுந்தது.
அது எழும்பவில்லை.
டோர்ச்சோடு நான்தான் போனேன்,
கேற்றுப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.
தேங்காய்.
கம்பனிச் சொத்து.
காலையில் சம்பலுக்குத் துருவினேன்,
கணக்கில் எழுதவில்லை.