சேணத்துக்கு அடியில்

பௌத்தாவில் விடாத மழை.
துலாதர் கடைப் பையன் பிளாஸ்டிக்கில் சுற்றியதைப் போட்டுவிட்டு
"யூட்ரோன் தீதி, வெள்ளிக்கிழமைக்குள்" என்று ஓடினான்.
பிரித்தேன்.
அறைக்குள் ஒரு குதிரை வந்து நின்றது,
வியர்வையும் வெண்ணெய்ப் புகையும் ஈரத்தோலுமாக.

இரண்டு துண்டு. முதுகெலும்பு போகும் வழியில் ஒரு தையல்.
ஒரே துண்டாக நெய்திருந்தால்
ஒரு பக்கத்து மயிர் மேல்நோக்கி நின்று
மழையை உள்ளே வாங்கும்.
அதனால் தொங்கும் ஓரத்திலிருந்து தொடங்கித்
தனித்தனியே நெய்து
முடிந்த இடங்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறாள்.
இருபுறமும் கம்பளி கீழே படிகிறது
குதிரையின் சொந்த மயிர்போல.

பக்கத்துக்கு ஒரு டிராகன். அவுரி நீல உடம்பு.
நடுவே, சேணம் உட்காரும் சதுரத்தில்,
வெயில் படாத மஞ்சிட்டிச் சிவப்பு
நேற்றுச் சாயத்தொட்டியிலிருந்து எடுத்ததுபோல.
தையலுக்குள் ஒரு வெள்ளை மயிர் சிக்கியிருந்தது.
அதை எடுக்கவில்லை.

வலப்பக்கம் தொடை உயரத்தில் உள்ளங்கையளவு வழுக்கை.
என்னவோ நாளெல்லாம் தொங்கி ஆடியிருக்கிறது.
உப்பு நிறுக்கும் தராசா,
துப்பாக்கியா,
தூங்கும் பிள்ளையின் காலா.
இடப்பக்கம் ஏறுகிற பக்கம்.
பூட்ஸ் உரசி உரசி
அந்த டிராகனுக்கு முகமே இல்லை, வெறும் பாவு.

துலாதர் போனில் சொன்னார்:
"ரெண்டு முகமும் ஒண்ணுபோல இருக்கணும்.
வாங்குறவர் சுவரில் மாட்டப்போறார்."
சுவரில் மாட்டினால்
ஒன்று தலைகீழாகத்தான் தொங்கும் என்பதை
நான் சொல்லவில்லை.
அவர்கள் ஊரில் குதிரை ஏறிப் பார்க்கும் வழி இல்லை போலும்.

வலது கண்ணை எண்ணினேன்.
வெள்ளை ஏழு முடிச்சு, கருப்பு நான்கு.
அதே கணக்கில் நூல் வெட்டி வைத்துக்கொண்டு
இடது முகத்தைப் புரட்டினேன்.
முன்னால் எவ்வளவு தேய்ந்தாலும்
முடிச்சின் வேர் பின்னால் நிற்கும்.

வெள்ளையே இல்லை.
வரிசையாக நான்கு கருப்பு, அவ்வளவுதான்.
மறுபடி விளக்கைக் கிட்ட இழுத்துப் பார்த்தேன்.
நான்கு கருப்பு.

ஏற வருகிறவனைப் பார்த்து
முதல்நாளிலிருந்தே
ஒற்றைக் கண்ணை மூடிக் காட்டியிருக்கிறது இது.
எவனுக்காக நெய்தாளோ.
அவன் கவனித்தானோ, பூட்ஸைத்தான் வைத்தானோ.

வெட்டிய வெள்ளை நூலைத் திரும்பப் பந்தோடு சுற்றினேன்.
தாடைக்கும் பிடரிக்கும் நான்கு நாள் ஆனது.
கண்ணுக்கு
தேநீர் ஆறுகிற நேரம்.

இன்று வெள்ளிக்கிழமை.
போன் அடிக்கிறது.