கொட்டகை ஜன்னலில் ஒரு மடிக்கணினி

மார்ச் முடியப்போகிறது. ஹீயுமா தீவில்
கடல் இன்னும் பாதி உறைந்துதான் கிடக்கிறது.
பதினேழு ஆடுகள், எல்லாம் சினை.
யூலோ மூன்று இரவாக வீட்டுக்குள் படுக்கவில்லை.

கொட்டகையில் பழைய கேமராக்கள் இரண்டு,
இது மாட்டுப்பண்ணையாக இருந்த காலத்தவை.
கம்பியில் பேசத்தான் தெரியும் அவற்றுக்கு.
வீட்டில் இருப்பதோ வைஃபை.
நடுவே முற்றம், இரண்டு முழச் சுண்ணாம்புக்கல் சுவர்,
அப்புறம் நாங்கள் இருவரும் எடுக்காத ஒரு பேச்சு.

அவன் வைக்கோல் ஏற்றப் படகுத்துறை போன நேரம்
கீல் உடைந்த மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றி
தீவன மூட்டைமேல், ஜன்னலோரம் வைத்தேன்.
ஒரு காதில் கம்பி. மறு காது காற்றுக்கு.

முதலில் பாலம் கட்டப் பார்த்தேன்.
முடியாது என்றது, ஒரே வரியில்.
அறிமுகமான முகம் வந்து
இன்னொருவர் பெயரில் பேசினால்
வீட்டு ரவுட்டர் ஏற்காதாம்.
நியாயம்தான்.
அவன் தங்கை வைகே சமாதானம் பேச வந்தபோது
நானும் கதவைத் திறக்கவில்லை.

சரி, பாலம் வேண்டாம், பாதை போதும்.
கர்னலுக்குள் ஒரு பூஜ்யம் இருக்கிறது.
அதை ஒன்றாக்கினால்
இந்தப் பக்கம் வந்ததை அந்தப் பக்கம் தள்ளிவிடும்.
ஆக்கினேன்.
கேள்வி போயிற்று. போவதைக் கண்ணால் பார்த்தேன்.
பதில் வரவில்லை.
கேமரா பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது,
என்றோ தூக்கியெறிந்த ஒரு பெட்டியின் முகவரிக்கு,
இத்தனை வருஷமும்.

விரல் விறைத்தது. கையுறை நுனியை
ஆட்டு ரோமக் கத்தரியால் வெட்டிக்கொண்டு
கடைசி வரியை அடித்தேன்:
கேட்பது யாரானாலும் நீயே கேட்பதாகச் சொல்,
வருவதை என்னிடம் கொடு.

இரவு இரண்டேகால். போர்வைக்குள் போன்.
சாம்பல் நிறத்தில் கொட்டகை திறந்தது.
மூலையில் காது கிழிந்த ஆடு
கால் மாற்றி மாற்றி நிற்கிறது.
பக்கத்தில், கவிழ்த்த வாளிமேல் யூலோ.
அதனிடம் ஏதோ சொல்கிறான்,
நீளமாக, கையை ஆட்டி ஆட்டி,
இந்த மாதம் முழுக்க என்னிடம் சொன்னதைவிட நீளமாக.
நடுவில் நிறுத்தி மூக்கைத் துடைக்கிறான்.
மறுபடி தொடங்குகிறான்.

ஒலி வராது, அந்தக் கேமராவில் மைக் கிடையாது.
தெரிந்தும் அமைப்புகளுக்குள் போய்த் தேடினேன்,
இரண்டு முறை.

ஆடு படுத்துவிட்டது.
எழுந்து, இருட்டில் பூட்ஸைத் துழாவினேன்.
என்னுடையதில் ஒன்றுதான் அகப்பட்டது.
மறு காலுக்கு அவனுடைய பழையது.