கான் வெட்டிய நாள்

முதலில் ஓலைதான் சொன்னது.
அடிமட்டைகள் பழுத்து
மரத்தைச் சுற்றி ஈரச்சேலைபோல் தொங்கின.
வெயில் என்றேன்.
குரும்பை கொட்டியது. அணில் என்றேன்.
அடிமரத்தில், என் முழங்கால் உயரத்தில்
வெற்றிலைச் சாற்று நிறத்தில் ஒரு கசிவு
கோடாய் இறங்கிக் காய்ந்தபோது
யாரோ துப்பிவிட்டார்கள் என்றேன்.
யாரோ என்றால் ஒரே ஆள்தான்,
வேலிக்கு அந்தப் பக்கம்.

பதினொரு வருடமாய்
நேசமலர் அக்காவோடு எனக்குப் பேச்சில்லை.
அம்மாவின் வளவு ஒன்று, சீதனம் இரண்டு.
நடுவில் நட்ட எல்லைக்கல்
என் பக்கம் அரை முழம் சரிந்து கிடந்தது ஒரு காலையில்.
அவள் தள்ளினாள் என்று நான்,
நான் இழுத்தேன் என்று அவள்.
அக்கரைப்பற்றுக் கோட்டில் ஏழு தவணை.
கதியால் எல்லாம் துளிர்த்துச் சுவராகி
அவளுடைய கீரிமீன் பொரியல் வாசம் மட்டும்
கேட்காமல் கொள்ளாமல் வந்துபோகும்.

மார்கழி மழை விட்ட மறுநாள்
மரத்தில் காது முளைத்திருந்தது.
மேலே வார்னிஷ் அடித்த மண்ணிறம்,
ஓரத்தில் அரிசிமா வெள்ளை.
பிடுங்கினேன். வரவில்லை.
கத்தியால் கொத்தினேன். கொஞ்சம் வந்தது,
புட்டுக்குழலில் ஒட்டிய அடிப்பிடிபோல.

தெங்குச் சபை ஹஸ்பர்
சேற்றோடு மோட்டார் சைக்கிளில் வந்தார்.
கத்திப்பிடியால் மரத்தைத் தட்டிக்கொண்டே இறங்கினார்.
டொக், டொக், டொக்.
ஓரிடத்தில்
பொத்.

"உள்ளுக்குள்ள முடிஞ்சிது அக்கா. பூஞ்சணம்.
இது வேரால வாற சாமான்.
பக்கத்து வேரத் தொட்டுத் தொட்டு நடக்கும்."
எங்கிருந்து என்று கேட்டேன்.
அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.
பொய் சொல்லக் கூடாது,
ஒரு நொடி எனக்கு இனித்தது.

"அங்கயும் நாலு மரம் போயிற்று," என்றார்.
"ஆனா அங்கயிருந்தும் இல்ல."

கல்லைப் புரட்டி மண்வெட்டியால் இரண்டடி தோண்டினார்.
ஒரு பழைய குத்தி.
அக்காவின் வீட்டுக்குச் சலாகை அறுக்க
அம்மா தறித்த மரம்.
மரம் நின்ற இடம்தான் எல்லை என்று
அம்மாதான் காட்டினா, அளக்க வந்தவருக்கு.
மேலே கல்லை நட்டார்கள்.
கீழே குத்தி உக்கியது,
மண் இறங்கியது,
கல் சரிந்தது.

ஹஸ்பர் ஒன்றும் சொல்லவில்லை.
அவருக்கு வழக்குத் தெரியாது.

வேலியோடு நீளத்துக்குக் கான் வெட்டவேணும்,
மூன்றடி ஆழம், இரண்டடி அகலம்.
ஆளுக்கு ஓரடி விடவேணும்.
பெக்கோக் கூலி பாதி பாதி.
இரண்டு படலைக்கும் நடந்து நடந்து
அவருடைய செருப்புத்தான் தேய்ந்தது.
அரை முழத்துக்குக் கோடு ஏறினவள்
ஓரடிக்கு ஓம் என்றாளாம்.
நானும் ஓம் என்றேன்.

தம்பிலுவில் முழுக்கக் கேட்கிற இரைச்சலோடு
வியாழக்கிழமை பெக்கோ வந்தது.
வேலி ஒரு இழுவையில் போயிற்று.
வெட்டின மண்சுவரில்
ஆயிரம் வேர், சுருள் சுருளாய்.
எது அவளுடைய மரத்தின் வேர்,
எது என்னுடையது என்று நானும் தேடினேன்.
செத்தவை செங்காவி நிறத்தில்
நனைந்த ரஸ்க்போல் முறிந்தன.
உயிரோடு இருந்தவையும் அறுந்தன.
பெக்கோவுக்கு என்ன தெரியும்.

ஐந்து மரத்தையும் குத்தியையும் குவித்தோம்.
ஈரம். நெருப்புப் பிடிக்கவில்லை.
கானுக்கு அந்தப் பக்கம் நின்றவள்
என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
"மண்ணெண்ணெய் இருக்கா?"
"போத்தல்ல கொஞ்சம் கிடக்கு."
கை நீட்டினேன். இரண்டடி அகலம்.
எட்டியது.

அவ்வளவுதான். மறுகா ஒரு பேச்சுமில்லை.
என் பக்கம் ஒன்பது மரம் மிச்சம்,
அவளுக்குப் பதினொன்று.
அடுத்த மழைக்குக் காது முளைக்காவிட்டால்
தப்பியது என்று நினைக்கலாம் என்றார் ஹஸ்பர்.
நினைக்கலாம் என்றுதான் சொன்னார்.

நேற்று இரவு பெய்தது.
விடியுமட்டும் பொறுக்காமல்
டோர்ச்சோடு இறங்கினேன்.
ஒவ்வொரு அடிமரமாய்க் குனிந்து, சுற்றி, தடவி.
கானுக்கு அப்பால் இன்னொரு வெளிச்சம்
குனிந்து, சுற்றி, நின்று.
ஐந்தாவது மரத்தடியில்
அது நெடுநேரம் அசையவில்லை.

என் டோர்ச்சை நான்
அந்தப் பக்கம் திருப்பினேன்.